பிடி விடாத கோப்பு

காலையில் பாதி காலியாகக் கிடந்த டிஸ்க், மத்தியானத்துக்குள் நிரம்பிவிட்டது. வீட்டு லினக்ஸ் கணினியின் ரூட் பகுதியில் துளி இடமில்லை. ஆபீசில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினாள். தெரிந்ததும் வயிறு எரிந்தது. மூத்தவள்! கணவனின் முதல் மனைவி செத்து வருஷங்களாகியும் கணினியில் அவள் பெயரில் இருந்த பயனர் கணக்கு இன்னும் இருந்தது. அதற்குள் அவள் பேசியும் பாடியும் பதிந்த ஒரே ஒரு பெரிய ஒலிக்கோப்பு.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"டிஸ்க்ல இடமே இல்லீங்க. அக்காவோட குரலை அழிச்சிடட்டுமா?"

"அது மட்டும் இருக்கட்டும்மா. உனக்கு என்ன குறைச்சல்?"

என்ன குறைச்சலா? உப்புப் போட்டால் 'அவ அளவாப் போடுவா.' திரைச்சீலை மாற்றினால் 'அவளுக்கு நீலம்தான் பிடிக்கும்.' வாழ வந்த வீட்டில் தனக்கென்று ஒரு மூலைகூடக் கிடையாதா? போய்த் தொலை என்று அழித்தாள்.

இடம் திரும்பவில்லை.

சிரிப்புத்தான் வந்தது. தினம் பார்க்கிற கூத்து. ஏதாவது புரோகிராம் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அழித்தாலும் பெயர்தான் போகும். அது பிடியை விடும்வரை கோப்பு சாகாது. பிடித்திருப்பது எது என்று பார்த்தாள். ஒலி பதியும் புரோகிராம். அதை ஓட்டிக்கொண்டிருந்தது மூத்தவளின் கணக்கு. கோப்பு இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தது.

ஃபிரிட்ஜின் முனகலுக்கு அடியில், சமையலறைக் குழாயின் சொட்டுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே, யாரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து நிதானமாக விடுகிற சத்தம் கூடத்துக்கு வந்து, அவள் என்றைக்கும் வாங்கியிராத ஒரு சோப்பின் வாசனையோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

திரும்பவில்லை. ஹெட்போனை மாட்டிக் கோப்பின் கடைசிப் பகுதியை ஓடவிட்டாள்.

இவளுடைய சொந்தக் குரலேதான். 'அக்காவோட குரலை அழிச்சிடட்டுமா?'

பிறகு, காதோரம், இன்னொருத்தி.

'ரெண்டு பேருக்கு இடம் பத்தாதுடி.'

பதறிப்போய்ப் புரோகிராமை நிறுத்தினாள். நின்றது. டிஸ்க்கில் பாதி இடம் திரும்பிவிட்டது. அப்பாடா!

மூத்தவளின் கோப்பு பழைய இடத்திலேயே இருந்தது. காணாமல் போயிருந்தது இவளுடைய கணக்கு.

கத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் கத்தினாள். இல்லை.

வாசற்கதவு திறந்தது. கணவன்.

"சாப்பிட்டியாம்மா?"

சமையலறையிலிருந்து இவளுடைய குரல் பதில் சொன்னது. "வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்."

அவன் முகம் மலர்ந்தது. இவளைப் பார்த்து ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவள் மடிமேல் பையை வைத்துவிட்டு, உள்ளே போனான்.