சிவப்புப் பையின் பதினேழு நொடிகள்

பதினேழு நொடிகள் எங்கே போயின என்று பிரிசில்லாவுக்குப் புரியவே இல்லை.

வால்பாறையில் மலைத்தேனீக்கள் கொட்டிய கமலவேணி என்ற தோட்டத் தொழிலாளியை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் கிளம்பிய இரண்டாவது நிமிடம், மூச்சு அடைப்பதாக எச்சரிக்கை ஒலித்தது. பறக்கும் செவிலியான பிரிசில்லா, அவசர மருந்துகள் வைத்து முத்திரையிட்ட சிவப்புப் பையிலிருந்து ஊசியை எடுக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பயிற்சிகளிலும் அவளுக்கு அதற்கு நான்கு நொடிதான் ஆகியிருந்தது. அன்று இருபத்தொன்று ஆனது. அதற்குள் தொண்டை வீங்கி அடைத்துவிட, கழுத்தில் துளையிட்டுத்தான் மூச்சு கொடுக்க முடிந்தது. கமலவேணி பிழைத்துக்கொண்டார். பேச்சு இன்னும் திரும்பவில்லை.

விசாரணை அறிக்கை ஒரே வரியில் முடிந்தது: செவிலி பதறிவிட்டார், பறக்கும் அனுமதி ரத்து.

"நீங்களே சொல்லுங்கண்ணே, நான் பதறினேனா?" என்று அன்று ஹெலிகாப்டரை ஓட்டிய விமானி ஷாகுலிடம் கேட்டாள்.

"அந்தம்மா கழுத்துல கத்தி வச்சப்பகூட உன் கை ஆடலம்மா. ஆனா அதுக்கு முன்னாடி பையை ரெண்டு தட்டு தட்டிட்டு, டீ வரப்போற மாதிரி உக்காந்திருந்த. என் தலைக்கு மேல இருக்குற கண்ணாடில பாத்தேன்."

"இதை விசாரணைல சொல்லலியா?"

"இறக்கை எவ்வளவு வேகத்துல சுத்துச்சுன்னு மட்டும்தான் கேட்டாங்க."

பிரிசில்லா தன் கையைப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

பணியில் இருக்கும்போதே பயிற்சி என்பதுதான் அவர்கள் பயிலும் நிழல்நோயாளி முறையின் பெருமை. அழைப்பு வராத நேரத்தில், நிறுத்தியிருக்கும் ஹெலிகாப்டரிலேயே குழு ஏறிக்கொள்ளும். நிழற்கண்ணாடியை மாட்டினால் படுக்கையில் ஒரு நோயாளி தெரிவார், வியர்ப்பார், திணறுவார். பெட்டிகள், குழாய்கள், எச்சரிக்கை ஒலி எல்லாம் உண்மையானவை. ஒன்றே ஒன்றைத் தவிர. சிவப்புப் பையின் முத்திரையைக் கிழித்தால், மருந்தகம் எண்ணிப் பார்த்து மறுபடி மூடும்வரை ஹெலிகாப்டர் பறக்கக் கூடாது. எனவே முத்திரையை இரண்டு முறை தட்டினால் போதும், பை திறந்ததாகக் கண்ணாடி காட்டிவிடும். உண்மையிலேயே அதைத் திறக்க வேண்டிய நோயாளி வருடத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். பிரிசில்லாவுக்கு ஆறு வருடத்தில் கமலவேணிதான் முதல் ஆள்.

ஆக, கை கற்றுக்கொண்டது தட்டுவதைத்தான். அன்றும் தட்டியது, காத்திருந்தது, மறுபடி தட்டியது. அதன் பிறகுதான் கிழிக்கும் நாடாவைத் தேடியது.

விசாரணைத் தலைவர் மருத்துவர் தணிகாசலம்தான் அந்த முறையை வடிவமைத்தவர். இப்போதும் வாரம் இருமுறை பயிற்சிக்கு ஏறுபவர். மேல்முறையீட்டு நாளில் பிரிசில்லா ஒரு சிவப்புப் பையை அவர் மேசைமேல் வைத்தாள். ஷாகுல் பின்னால் நின்றான்.

"முறையில பிழை இல்லம்மா," என்றார் தணிகாசலம். "பதற்றம் வர்றது மனுஷ இயல்பு. அதை ஒத்துக்கங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கலாம்."

அவள் கைப்பேசியில் அந்த எச்சரிக்கை ஒலியை முழுச் சத்தத்தில் ஒலிக்கவிட்டாள்.

"மூச்சு அடைக்குது சார். ஊசி எடுங்க."

அவர் கை பாய்ந்தது. முத்திரையை இரண்டு முறை தட்டியது. நின்றது. அவர் கண்ணில் நிழற்கண்ணாடி இல்லை.

"ஒண்ணு," என்று ஷாகுல் எண்ணத் தொடங்கினான். "ரெண்டு. மூணு."

ஆறு வரும்வரை தணிகாசலம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்களும் பதறிட்டீங்களா சார்?" என்று கேட்டாள் பிரிசில்லா. "இல்ல. நீங்க சொல்லிக்குடுத்ததை உங்க கையும் செஞ்சுது. அறிக்கைல அதை எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். "இதுக்கு என்ன செய்யலாம்?"

"காலாவதியான மருந்தைப் போட்டு, இதே முத்திரை வச்சு இன்னொரு பை தைங்க. ஒவ்வொரு பயிற்சியிலயும் அதைக் கிழிக்கணும். அழைப்பு வந்தா அந்தப் பையை மட்டும் கீழ இறக்கி வச்சிட்டுப் பறக்கணும். அவ்வளவுதான் சார்."