ஆறாம் மேசைக்கு ஒரு வாய்

பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். அம்மாவின் வேலை ஐந்தரைக்கு முடியும். நடுவில் கிடக்கும் இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் பம்பரத்தின் தீராத தலைவலி.

பம்பரம் என்பது பட்டப்பெயர். ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றுகிறாள் என்று அப்பா வைத்தது. இப்போது அப்பா கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்து, இருவரும் பெட்டி படுக்கையோடு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து பம்பரம் சுற்றவே இல்லை. சுற்றுவதற்கும் கூட ஓர் ஆள் வேண்டுமே!

அம்மா ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் ஆசிரியை. வாழை நாரைப் பிசினில் தோய்த்து, அடுக்கி, அழுத்தி, கெட்டியான பலகை செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். வண்டிக் கதவுக்கு உள்பக்கம் வைக்கிற பலகை. பிளாஸ்டிக்கை விட எடை குறைவு. எவ்வளவு இழுத்தால் அது உடையும் என்று ஆராய்ச்சியும் செய்கிறாள்.

பட்டறையின் ஓரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அது அம்மாவின் அலுவலகம். பட்டறைக்குள் பிசின் நெடி அடிக்கும், எந்திரங்கள் ஓடும். அதனால் பம்பரம் உள்ளே போகக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யலாம். வீட்டுப்பாடம் அரை மணியில் தீர்ந்துவிடும். மிச்ச நேரம் முழுவதும் வேடிக்கைதான்.

பள்ளியிலும் அவளுக்கு வேடிக்கைதான். வகுப்பில் எல்லாம் இருவர் உட்காரும் பெஞ்சுகள். பம்பரத்தின் பெஞ்சில் அவளும் அவளுடைய பையும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. அவளிடம் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. முதல் வாரம் அம்மா, "பக்கத்துல யார் உட்கார்றா?" என்று கேட்டபோது, ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அன்று பிடித்தது வினை. அம்மா தினமும் ரெட்டைச்சடையை விசாரித்தாள். ரெட்டைச்சடைக்குக் காய்ச்சல் வந்தது, ஒரு பல் விழுந்தது, ஒரு தம்பிகூடப் பிறந்தான். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஓய்வே இல்லை.

அம்மாவின் பட்டறையில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் 'கை', இன்னொருவர் 'வாய்'. கை வேலை செய்யும், பேசக் கூடாது. வாய் அடுத்தது என்ன என்று சொல்லும், எதையும் தொடக் கூடாது. அடுத்த வாரம் கை வாயாகும், வாய் கையாகும். முன்னால் நின்று பாடம் நடத்துவதைவிட இப்படிச் செய்தால் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்களா என்று பார்ப்பது அம்மாவின் இன்னோர் ஆராய்ச்சி.

பார்க்க நல்ல தமாஷாக இருக்கும். இரண்டாம் மேசையில் வாயாக இருந்த தடிமனான அண்ணன், பிசின் தடவிய நாரின் மேல் தானே உருளையை எடுத்து உருட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு துடிப்பார். கையாக இருந்த ஒல்லி அண்ணன் பேச முடியாமல் புருவத்தாலேயே சண்டை போடுவார்.

ஆனால் பயிற்சிக்கு வந்தவர்கள் பதினோரு பேர். ஐந்து மேசையில் பத்துப் பேர் போக, ஆறாம் மேசையில் ஒருத்தி மட்டும் நின்றாள். அவளை எல்லோரும் வெல்டிங் அக்கா என்றார்கள். முன்பு வெல்டிங் பிரிவில் இருந்தாளாம். அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் இங்கே மாற்றிவிட்டார்கள். தாமதமாக வந்ததால் சோடி கிடைக்கவில்லை. அவளே கை, அவளே வாய். வாய் என்று இருந்ததே தவிர அது திறந்து பம்பரம் பார்த்ததில்லை.

ஆறாம் மேசை கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தது. அதனால் பம்பரம் அதிகம் பார்த்தது வெல்டிங் அக்காவைத்தான்.

புதன்கிழமை பலகை செய்வார்கள். வெள்ளிக்கிழமை அதைப் பட்டையாக வெட்டி, இழுவை எந்திரத்தில் மாட்டி, உடையும் வரை இழுப்பார்கள். எந்திரத்தில் எண் நாற்பதைத் தாண்டினால் தேர்ச்சி. மூன்று வாய்ப்பு உண்டு. வெல்டிங் அக்காவின் முதல் பலகை முப்பதில் உடைந்தது. இரண்டாவது இருபத்தெட்டில் 'டப்'பென்று போனது. மூன்றாவதும் போனால் பயிற்சியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது பலகை உடைந்தபோது யாரும் சிரிக்கவில்லை. யாரும் அருகில் போகவும் இல்லை. அவரவர் சோடியோடு அவரவர் பேசிக்கொண்டு கலைந்தார்கள். வெல்டிங் அக்கா சுத்தமாக இருந்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். சுத்தமான மேசையை ஏன் துடைக்கிறாள் என்று பம்பரத்துக்குப் புரிந்தது. பள்ளி இடைவேளையில் பம்பரமும் எழுதி முடித்த நோட்டை எடுத்து மறுபடி மறுபடி புரட்டுவாள்.

திங்கட்கிழமை மாலை, வீட்டுப்பாடம் முடிந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பம்பரம் புரட்டினாள். போன புதன்கிழமை பொழுது போகாமல் அவள் எழுதிய எண்கள் அங்கே இருந்தன. அறுபது. அறுபது புள்ளி ஐந்து. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

அது ஆறாம் மேசைத் தராசின் எண். தராசின் முகம் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது. வெல்டிங் அக்கா சூடான ஓவனில் காய்ந்த நாரைத் தட்டோடு எடுத்துத் தராசில் வைத்துவிட்டு, பிசின் எடுக்கப் பட்டறையின் அந்தக் கோடிக்குப் போயிருந்தாள். யாரும் தொடாமலே எண் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே மழை. எண் எதுவரை போகும் என்று பார்ப்பதுதான் அன்றைக்குப் பம்பரத்தின் விளையாட்டு.

தொடாமல் எப்படி எடை ஏறும்? பம்பரம் பென்சிலைக் கடித்தாள். காய்ந்த நார் காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூடக் குடித்துவிடும் என்று முதல் நாள் வகுப்பில் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஈர நாரில் பிசின் ஒட்டாது என்றும் சொல்லியிருந்தாள்.

மற்ற மேசைகளில் முதலில் பிசினைக் கலப்பார்கள். அதன் பிறகே நாரை வெளியே எடுப்பார்கள். எடுத்த சூட்டோடு அடுக்கிவிடுவார்கள். வெல்டிங் அக்கா மட்டும் நாரை முதலில் எடுத்தாள். பிறகு பிசினைத் தேடி, அளந்து, கலந்து வர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் நார் சும்மா இருக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் பம்பரம் நோட்டை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா எண்களைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"அடடா. இது என் கண்ணுல படவே இல்லையே," என்றாள்.

"நாளைக்கே அக்காகிட்ட சொல்லிடும்மா."

அம்மா தன் ஆராய்ச்சி நோட்டைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பக்கம். ஆறாம் மேசையின் பக்கத்தில் 'தனி ஆள். ஒப்பிட்டுப் பார்க்க' என்று எழுதியிருந்தது. சோடியாகச் செய்கிறவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்று நிரூபிக்க, தனியாகச் செய்கிற ஒருவர் எப்படிச் செய்கிறார் என்றும் தெரிய வேண்டுமாம். நடுவில் புகுந்து சொல்லிக்கொடுத்தால் கணக்கு கெட்டுவிடுமாம்.

பம்பரத்துக்குக் காது சூடாகிவிட்டது.

"தனியா விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க அந்த அக்காதான் கிடைச்சாங்களா? என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெட்டைச்சடைன்னு யாரும் இல்லம்மா. என் பெஞ்சுல யாருமே இல்ல."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. இரண்டு மாத அழுகை. காய்ச்சல், பல், தம்பி எல்லாம் பொய் என்று விக்கி விக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டு அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண் மடியில் முழுதாக அடங்கவில்லை. கால்கள் தரையில் கிடந்தன.

பள்ளிக்கு வந்து ஆசிரியையிடம் பேசட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்று பம்பரம் தலையாட்டினாள். ஆசிரியை சொல்லி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அந்தப் பெண்ணும் பையைப் போலத்தான் உட்கார்ந்திருப்பாள்.

"அக்காவுக்கு ஒரு வாய் வேணும். நான் இருக்கேன்," என்றாள்.

"நீ பட்டறைக்குள்ள வரக் கூடாதே."

"வாய் எதையும் தொடக் கூடாதுன்னுதானே சட்டம்? நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கேன். ஆசைப்பட்டாலும் தொட முடியாது."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். ஆராய்ச்சி நோட்டை எடுத்து, ஆறாம் மேசையின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு அடித்தாள். எழுதிய கணக்கை அடிப்பது அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பம்பரத்துக்குத் தெரியும்.

புதன்கிழமை வந்தது. மழையும் கூடவே வந்தது. கண்ணாடிச் சுவரில் கடிதங்கள் வாங்குவதற்காக ஒரு சின்னத் திறப்பு இருந்தது. நெடி உள்ளே வராமல் இருக்க முகமூடி மாட்டிக்கொண்டு, ஒரு முக்காலியின் மேல் ஏறி, பம்பரம் அங்கே வாயை வைத்தாள். கையில் படிகள் எழுதிய அட்டை. எதிரே சுவர்க் கடிகாரம்.

வெல்டிங் அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். கையுறையை மாட்டினாள். நேராக ஓவன் கதவுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"அக்கா, நார் உள்ளேயே இருக்கட்டும். முதல்ல பிசின்."

அக்காவின் கை கதவில் அப்படியே நின்றது. கை பேசக் கூடாது. ஆனால் அன்று அந்தக் கை பேசியது.

"பிசினைக் கலந்துட்டா இருபத்தஞ்சு நிமிஷத்துல இறுகிடும். அதுக்குள்ள நாரை எடுத்து, அடுக்கி, உருட்டி... ஒத்த ஆளா என்னால முடியாது. அதான் எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வெச்சுக்கறேன்." குரல் மிக மெல்லியதாக இருந்தது. "மணி பார்க்கக்கூட முடியாது. கையெல்லாம் பிசின்."

பயந்து பயந்து முன்கூட்டியே எடுத்து வைத்ததுதான் இத்தனை நாளும் பலகையைக் கெடுத்திருக்கிறது. பம்பரம் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

"மணியை நான் பார்க்கறேன்க்கா. நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்றேன். நீங்க கடிகாரத்தை மறந்துடுங்க."

அக்கா கதவிலிருந்து கையை எடுத்தாள்.

பிசின் கலந்ததும் பம்பரம் எண்ண ஆரம்பித்தாள். இருபத்தைந்து இருக்கிறது என்றாள். இப்போது நார் என்றாள். தராசு அறுபது காட்டியது, காட்டியபடியே நின்றது. இருபத்திரண்டு இருக்கிறது, முதல் அடுக்கு. பதினெட்டு இருக்கிறது, உருளை. இடது மூலையில் ஒரு காற்றுக் குமிழி. அதோ, இன்னொரு குட்டிக் குமிழி. பதினொன்று இருக்கிறது, அவசரமே இல்லை அக்கா. எட்டு. ஐந்து. மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போதே மேல் தட்டு மூடி, எடைக்கற்கள் ஏறிவிட்டன. பம்பரத்துக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இரண்டு மாதத்தில் அவள் இவ்வளவு பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆறாம் மேசையின் முறை கடைசியாக வந்தது. இழுவை எந்திரம் பட்டையின் இரு முனைகளையும் கவ்வியது. பம்பரம் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டாள்.

இருபது. இருபத்தெட்டு. முப்பது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தாறு. தடிமனான அண்ணன் தன் மேசையை விட்டு எழுந்து வந்தார். முப்பத்தொன்பது என்ற இடத்தில் பட்டை 'கிறீச்' என்று ஒரு சத்தம் போட்டது. ஆனால் உடையவில்லை. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று. அப்போதுதான் 'டப்'.

வகுப்பில் நாலாவது இடம்தான். அம்மா எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு, இன்னொரு முறையும் படித்தாள்.

அன்று எல்லோரும் கலைந்து போன பிறகு, அம்மா அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி அறையின் கதவு தட்டப்பட்டது. வெல்டிங் அக்கா உள்ளே வந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பம்பரத்தின் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தாள்.

உடைந்த பட்டையின் பாதியைப் பம்பரத்தின் கையில் கொடுத்தாள். இன்னொரு பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம்,

"தினமும் பார்க்கறேன், இங்கேயே உட்கார்ந்திருக்கே. என்ன விஷயம்?" என்று கேட்டாள்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. பம்பரம் பழைய தெருவிலிருந்து ஆரம்பித்தாள். பேச்சில் அப்பாவின் கப்பல் வந்தது. அது நின்ற துறைமுகங்கள் வந்தன. பள்ளிக்கூடம் வந்தது. அக்கா வீட்டுக்குப் போகிற ஐந்தே முக்கால் பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது. அதற்கு அடுத்த பேருந்தும் போனது. அக்கா எழுந்திருக்கவில்லை.