லாரி மண்

நாய்க்குட்டி வெளிக்குப் போன இடத்தில் நாற்றம் இல்லை. வடிவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மஞ்சளாக, தண்ணீராக, மேலே சளி கட்டிக் கிடந்தது. ஈ ஒன்றுகூட அண்டவில்லை. வாரிப் போடக் குனிந்தவளின் மூக்கில், குளித்துவிட்டு வந்த சுமங்கலி பக்கத்தில் நின்றால் வருமே, அந்த அரைத்த மஞ்சள் வாசனையும், அதற்கு அடியில் ரொம்ப நாள் மூடிக்கிடந்த மண்ணின் ஈரமும் சேர்ந்து ஏறின. சமையல்கட்டு வாசனை என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்று அவள் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

நாய்க்குட்டிக்கு வயிறு சரியில்லாததற்கு இப்படியா நடுங்குவாள் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மூத்த பிள்ளையைப் பேதிக்குப் பறிகொடுத்தவள் அவள். அதுவும் இப்படித்தான், காலையில் கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் சளியாக ஆரம்பித்தது. சாயந்தரத்துக்குள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு வயது கோமளா ஒருத்திதான். அவளோ நாள் முழுக்கக் குட்டியைக் கட்டிக்கொண்டே திரிகிறாள்.

புருஷன் பரந்தாமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். மெஷின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாத மனுஷன். பாரிவாக்கத்தில், நெல் விளைந்த பள்ளத்தில் மனை வாங்கி, மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க லாரி லாரியாக மண் அடித்து அதன்மேல் வீட்டைக் கட்டியிருந்தான். பின்னறைக்கு இன்னும் சிமென்ட் தரை போட்டபாடில்லை. குட்டி அந்த மண்ணைத் தின்கிறது என்று அவள் சொன்னதற்கு, மண் தின்னாத நாய் எது என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரி டாக்டர் குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, பூச்சி என்றார். மருந்தை ஊற்றி, பாலை நிறுத்திக் கஞ்சித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும், பயப்பட வேண்டாம் என்றார்.

மறுநாள் வந்தது பூச்சி இல்லை. மஞ்சள் தண்ணீருக்குள் பச்சையாக ஏதோ மின்னியது. குச்சியால் புரட்டினாள். கண்ணாடி வளையல் துண்டு. பக்கத்தில் இன்னொன்று.

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பொன்னியம்மாவைக் கூப்பிட்டாள். அவள் அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வந்து பார்த்தாள். குனியவில்லை.

"இந்த மண்ணு எங்கேர்ந்து அடிச்சீங்கோ?"

"தெர்லக்கா. லாரிக்காரன் சல்லிசா தரேன்னான். அவரு வாங்கிக்கினாரு."

"ரோடு போடறதுக்கு எங்கியோ இடுகாட்ட தோண்டிக்கினு கீறானுங்கோ. அந்த மண்ணுதான் லாரில போவுது. பூவும் பொட்டுமா போனவ எவளயோ பொதைச்ச மண்ணுடி இது. கொயந்தைய வெளிய உடாதே."

வடிவு கோமளாவை அள்ளிக்கொண்டு போய் வீட்டுக்குள் விட்டு, கதவை வெளியே தாழ் போட்டாள். கொடியில் கிடந்த துணிகளை உருவி மூட்டை கட்டினாள். பரந்தாமன் வந்ததும் மாங்காட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். இனி ஒரு ராத்திரிகூட இந்த மண்மேல் பிள்ளையைப் படுக்கவைக்க மாட்டாள்.

அப்போதுதான் குட்டி முனகியது.

கல்லுக்குப் பக்கத்தில் முதுகை வளைத்து, நான்கு காலும் நடுங்க முக்கிக்கொண்டிருந்தது. பின்னால் கறுப்பாக ஏதோ தொங்கியது. முடி. நீளமான தலைமுடி. நடுவில் வாடிய மல்லிகைச் சரம். வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் வந்தது. இன்னும். கடைசியில் சொத்தென்று விழுந்தது.

குட்டி உதறிக்கொண்டு எழுந்தது. கஞ்சித் தண்ணீரை நக்கிக் குடித்தது. வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலைச் சுற்றி வந்தது. டாக்டர் சொன்னது சரிதான், எல்லாம் வந்துவிட்டது. வடிவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆனால் பறண்டுகிற சத்தம் கேட்டது.

குட்டி இங்கே இருக்கிறது. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து.

தாழைத் திறந்தாள். கூடத்தில் பிள்ளை இல்லை. மஞ்சள் வாசனை. பின்னறை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்னறைக்குத் தரை கிடையாது.

கோமளா மூலையில் குந்தியிருந்தாள். எதிரே ஒரு குழி. இரண்டு கையிலும் மண். உதட்டிலும் மண். கன்னங்கள் உப்பியிருந்தன.

"துப்பு கண்ணு. துப்பிடு."

துப்பவில்லை. வடிவு விரலை விட்டு வழித்தாள். மண். ஈர மண். அடியில் வழவழவென்று ஒரு நுனி.

முடி.

பிடித்து இழுத்தாள். வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். எண்ணெய் தடவிச் சீவிய முடி. கோமளா அழவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முடி வருவது நின்றது.

பிறகு பிள்ளையின் வயிற்றுக்குள்ளிருந்து, மெதுவாக, அதை யாரோ திருப்பி இழுத்தார்கள்.