ஆ காட்டு

அக்காவின் பல் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததுமே அந்த நாற்றம் அவன் மூக்கில் ஏறியது. ஸ்பிரிட், கிராம்பு எண்ணெய், ரப்பர் கையுறை என்று அங்கே எப்போதும் அடிக்கிற வாடைகள் அவனுக்குப் பழக்கம்தான், பிடிக்காத பழக்கம். இது அவற்றுக்கெல்லாம் அடியில், மாற்றாமல் விட்ட பூச்சாடித் தண்ணீரைப் போல, தித்திப்பும் அழுகலுமாகக் கிடந்தது.

"எலி ஏதாவது செத்துக் கிடக்கா இங்க?" என்று நர்ஸம்மாவிடம் கேட்டான்.

அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, கழுத்தில் தொங்கிய மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, "டாக்டர் உள்ள இருக்காங்க, நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனாள். போன வேகத்தில் சாப்பாட்டு டப்பாவை மேஜைமேலேயே விட்டுவிட்டாள். மத்தியானத்தில் நோயாளிகள் வருவதில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வெயில் வெள்ளையாகத் தரையில் விழுந்திருந்தது.

அருவருப்பில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சின்ன வயதில் அக்கா குடித்த டம்ளரில் மிச்சப் பால் இருந்தால், அவள் வாய் வைத்த பக்கத்தைத் துடைப்பான், திருப்பித் துடைப்பான், கடைசியில் குடிக்காமலே வைத்துவிடுவான். எச்சில் என்ற சொல்லையே எச்சில் விழுங்காமல் அவனால் சொல்லமுடியாது. அக்கா அவனுக்குச் 'சுத்தம்' என்று பேர் வைத்தாள். காரியம் கெட்டுப்போனாலும் 'சுத்தம்' என்றுதானே சொல்கிறோம், ஆகவே இரண்டு வகையிலும் இந்தப் பேர் இவனுக்குப் பொருந்தும் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த அக்கா, நாள் பூராவும் ஊரார் வாய்க்குள் கைவிட்டுப் பிழைக்கிறவள்.

போன வாரம் அந்தக் கை அவன் வாய்க்குள்ளும் போனது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினாள். வலி அன்றைக்கே போய்விட்டது, குழிதான் மூடவில்லை. மூடாதது மட்டுமல்ல, நாக்கு அங்கே போகும்போதெல்லாம் குழி முன்னைவிட ஆழமாக இருப்பதாகத் தோன்றியது. நேற்றுக் காலையில் அதன் அடியில் மெத்தென்று ஏதோ நாக்கு நுனியில் பட்டு, உடனே விலகியது. சதை வளர்கிறது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். சதை விலகுமா என்ற கேள்வியை மட்டும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

"நேத்து கண்ணாடி வச்சுப் பாத்தேன்ல, குழியோட அடியே தெரியலடா" என்றாள் அக்கா, உள்ளறையில் கருவிகளைக் கொதிநீர்ப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. "கேமராவை உள்ள விட்டுப் பெரிசாக்கிப் பாத்தாத்தான் என்னன்னு சொல்லமுடியும். எக்ஸ்ரேயும் அந்தக் கம்ப்யூட்டர்லதான். அது என்னடான்னா காலையிலேருந்து கறுப்பா முழிக்குது. நீ அதைச் சரிபண்ணு, நான் உன்னைச் சரிபண்றேன்."

"நான் வேற டாக்டர்கிட்ட காட்டிக்கிறேனேக்கா."

"தாராளமா போ. முன்னப்பின்னத் தெரியாதவன் கை வாய்க்குள்ள போகும். பரவாயில்லையா?"

ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்ப்பவன் அவன். அக்காவின் கம்ப்யூட்டரையும் அவன்தான் அமைத்துக் கொடுத்திருந்தான், கேமரா மென்பொருள் தானாகத் திறந்துகொள்ளும்படி செய்ததும் அவன்தான். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். அந்தக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கு இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

சிகிச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் மேஜை. கீபோர்டில் விரல் வைக்காமல் நின்றான். நோயாளியின் வாயிலிருந்து எடுத்த கையுறைக் கையோடு அக்கா தட்டுகிற கீபோர்டு அது. எழுத்துகளுக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, இடைவெளிப் பட்டையில் கட்டைவிரல் படுகிற இடம் பிசுபிசுவென்று மின்னியது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தான். பஞ்சு பழுப்பாக வந்தது. இன்னொன்று எடுத்தான், அதுவும் பழுப்பு. எத்தனை பேர் வாயோ என்று நினைத்தபோது அவனுக்கு வாயூறியது, அந்த ஊறலில் ஒரு கெட்ட ருசி இருந்தது.

பவர் பட்டனை அழுத்தினான். விசிறி சுழன்றது. வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின, வழக்கமாகப் படம் வரவேண்டிய இடத்தில் நின்றன, கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு கண்சிமிட்டத் தொடங்கியது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. படம் செத்தாலும் எழுத்து சாகாது. அவன் தொழிலில் பாதி நாள் இப்படி இருட்டில் உட்கார்ந்து எழுத்தோடு மல்லுக்கட்டுவதுதான். பேரையும் கடவுச்சொல்லையும் தட்டி உள்ளே போனான். டெஸ்க்டாப்பைத் தொடங்கச் சொன்னான். திரை ஒருமுறை சிணுங்கிவிட்டுப் பழைய கறுப்புக்கே திரும்பியது, கூடவே ஒரு வரி வந்தது. இடமில்லை.

அவனுக்கு மூச்சு வந்தது. இருப்பதிலேயே சாதாரணமான நோய் இது. டெஸ்க்டாப் கிளம்பும்போது சின்னச்சின்னதாக எதையாவது எழுதி வைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் வழிய வழிய நிரம்பிக் கிடந்தால் அதற்குக்கூட இடம் இருக்காது, படம் வராது. எதனால் நிரம்பியது என்று தேடினான். கேமரா எடுக்கும் படங்களுக்கான இடத்தில் ஒரே ஒரு வீடியோ, மிச்ச எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு மலைப்பாம்புபோல் படுத்திருந்தது. அவன் பல்லைப் பிடுங்கிய அன்று தொடங்கிய பதிவு. இன்னும் முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு என் வாயைப் படம் எடுத்துட்டு கேமராவை நிறுத்தவே இல்லையா நீ? ஒரு வாரமா ஓடிக்கிட்டே இருக்கு."

"நிறுத்தினேனே. உறைகூட மாட்டினேன். பாரு, தொங்குது."

பேனா தடிமனுள்ள அந்தக் கேமரா நாற்காலியின் கைப்பிடிக் கொக்கியில், கறுப்பு உறைக்குள், தொங்கிக்கொண்டிருந்தது. என்னதான் எழுதுகிறது என்று பார்க்க அந்த மென்பொருளின் குறிப்பைத் திறந்தான். படத்தில் வெளிச்சம் குறைந்தால் அது ஒரு வரி எழுதும், வெளிச்சம் கிடைத்தால் ஒரு வரி எழுதும், வேறொன்றும் தெரியாது அதற்கு. வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லை. உறைக்குள் இருக்கிற கேமரா வேறு என்ன சொல்லும். ஆனால் நடுநடுவே வேறு வரிகளும் இருந்தன. வெளிச்சம் வந்தது. வெளிச்சம் போனது. வந்தது. போனது. சற்றுமுன் அவன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்கூடக் கொத்துக் கொத்தாக.

அக்கா குறுக்கே நடப்பதால் நிழல் விழுந்து விலகுகிறது, உறையில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று முடிவு கட்டினான்.

"ஒரு துண்டு குடுக்கா."

வெளிச்சம் வந்தது. வெளிச்சம் போனது.

அக்கா எறிந்த துண்டில் கேமராவைச் சுருட்டி மேஜை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஈரமாக, யாரோ உதட்டைச் சப்புக்கொட்டுகிற சத்தம். எச்சில் உறிஞ்சும் குழாய் மோட்டார் நிற்கும்போது கடைசியாக இப்படித்தான் ஒரு சொட்டை இழுக்கும்.

"அந்த உறிஞ்சுற மோட்டாரை நிறுத்தேன், குமட்டுது."

"அது நீ வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தியாச்சுடா சுத்தம்."

வெளிச்சம் வந்தது. வெளிச்சம் போனது.

கேமராவின் கேபிளைப் பிடுங்கினான். வெறும் கேபிள் நுனி கையில் இருந்தது. வெளிச்சம் இல்லை, என்றது திரை. வீடியோ வளர்ந்துகொண்டே இருந்தது. அதை அழித்தான், அழிந்தது, இடம் மட்டும் திரும்பவில்லை. மென்பொருளைக் கொன்றான். கொன்ற கையோடு அது எழுந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பழைய நினைவை வைத்துக்கொண்டு உளறுகிறது, ஏதோ கோளாறு, நாளைக்கு முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது என்று அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சொல்கிற சமாதானத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டான்.

சொல்லிக்கொண்டே கொட்டாவி விட்டான்.

வெளிச்சம் வந்தது.

வாயை மூடினான். வெளிச்சம் போனது.

உள்ளறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மெதுவாக, பேசாமல், உதட்டைப் பிரித்தான். வெளிச்சம் வந்தது. மூடினான். போனது. திறந்தான். வந்தது. உடனே கை வாயைப் பொத்தியது. வெளிச்சம் இல்லை.

பொத்திய கைக்குள் அவன் மூச்சு திரும்பி அவன் மூக்கிலேயே அடித்தது. பூச்சாடித் தண்ணீர். தித்திப்பும் அழுகலும். ஆஸ்பத்திரி வாடை இல்லை இது, எலியும் இல்லை. நர்ஸம்மா நாற்காலியைத் தள்ளி எழுந்தது இதற்குத்தான். விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி இரண்டு நாளாகக் குழந்தையோடு போய்ப் படுத்துக்கொண்டதும், முத்தம் கொடுக்கக் குனிந்தால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இதற்குத்தான். வாழ்நாள் முழுக்க ஊரார் எச்சிலைக் கண்டு முகம் சுளித்தவன், தன் வாயை எங்கே கொண்டுபோய்த் துப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. அழுதால் வாய் திறக்கும்.

எழுந்து போயிருக்கலாம். மெஷினை அணைத்திருக்கலாம். ஆனால் இந்த ஒரு வாரமும், வேண்டாம் வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல, நாக்கு அந்தக் குழியைத் தொட்டுப் பார்க்காமல் இருந்ததா? விரலும் அதே நாக்கின் உடன்பிறப்புதான். பழைய கோப்புகள் கொஞ்சத்தை அழித்து இடம் பண்ணியது. டெஸ்க்டாப்பைத் தொடங்கச் சொன்னது.

திரை அணைந்தது. கம்ப்யூட்டர்ப் பெட்டியின் சின்ன விளக்கு படபடத்தது.

படம் வந்தது. அக்கா வைத்திருக்கும் நீலக்கடல். அதன்மேல் கேமரா மென்பொருள் தானாகத் திறந்து, திரை முழுக்க விரிந்தது. கறுப்பு. வெறும் கறுப்பு இல்லை, கண்ணை மூடினால் தெரிகிற சிவப்புக் கலந்த கறுப்பு. அது மூச்சு விடுவதுபோல் லேசாக ஏறி இறங்கியது. அவன் மூச்சு விட்டான். அது ஏறியது. அவன் மூச்சைப் பிடித்தான். அது நின்றது.

"வந்துடுச்சா?" அக்கா கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள். "கெட்டிக்காரன்டா. ஏறி உக்காரு."

தலையை ஆட்டினான். மாட்டேன் என்று.

"ஏன்டா, வாயை யாருக்காவது வாடகைக்கு விட்டுட்டியா? பேசேன்."

அவள் அவனைத் தோளைப் பிடித்து நாற்காலியில் சாய்த்தாள். மேல்விளக்கைப் போட்டாள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் மேல் குனிந்தாள். அடம்பிடிக்கிற குழந்தைகளை எல்லாம் வழிக்குக் கொண்டுவந்த கை அது. தாடையின் மூட்டில் கட்டைவிரலை எங்கே வைத்து அழுத்தவேண்டும் என்று அதற்குத் தெரியும்.

"கேமரா அப்புறம். முதல்ல ஒரு தடவை பாத்துடறேன். ஆ காட்டு."

கட்டைவிரல் அழுந்தியது. பல் பிரிந்தது.

அவள் தோளுக்கு மேலாக அவன் திரையைப் பார்த்தான். கறுப்பு நடுவில் கிழிந்து, வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. மேலே ஒரு வரிசைப் பல், கீழே ஒரு வரிசைப் பல். அவற்றின் முதுகு தெரிந்தது. எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. கீழே ஈரத் தரையாக நாக்கின் மேல்புறம். அவன் வாய்க்குள் பார்க்கிற படம் இல்லை இது. உள்ளேயிருந்து வெளியே பார்க்கிற படம். அந்தப் பல் வாசலுக்கு அப்பால், விளக்கு வெளிச்சத்தில், மாஸ்க் போட்ட அக்காவின் முகம்.

"உஃப்" என்றாள் அக்கா. "என்னடா இது, இன்னைக்கு இப்படி நாறுது." சின்னக் கண்ணாடியை எடுக்கத் தட்டுப் பக்கம் திரும்பினாள். திரையில் அவள் காது தெரிந்தது. தோடு ஆடியது.

அப்போது படத்தின் அடியிலிருந்து விரல்கள் எழுந்தன. சின்ன விரல்கள். நாளெல்லாம் தண்ணீரில் ஊறினாற்போல் வெளுத்து, சுருங்கி, நகமில்லாமல். ஜன்னல் எட்டாத குழந்தை விளிம்பைப் பற்றி எக்குவதுபோல் அவன் கீழ்ப்பல் வரிசையைப் பற்றின. ஈறில் அந்தக் குளிர்ச்சி அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு விரலாகத் தெரிந்தது. நாக்கை ஏதோ கீழே மிதித்தது. கத்தப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

அக்கா கண்ணாடியோடு திரும்பினாள், குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம். நல்லா ஆ காட்டு."

அவன் காட்டவில்லை. தாடை தானாக இன்னும் அகன்றது, அக்காவின் முகம் திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தது.