இருநூற்றுப் பன்னிரண்டு முறை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அண்ணனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதத்துக்கு முன், அதே நாற்காலியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒரு வகைச் சிப்புக்கென்று எழுதிய போன் இயங்குதளத்தை முற்றிலும் வேறு வகைச் சிப்பில் ஓடவைக்கும் வேலை அவனுடையது. அவன் எழுதி வைத்ததைப் படித்துப் புரிந்துகொள்ள, அந்த அலுவலகத்தில் தங்கையை விட்டால் ஆளில்லை.

ஜன்னல் இல்லாத அறை. ஏசியின் உறுமல். ஈயம் பற்றவைத்த வாடை. மேசையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு, அதன் நடுவில் புதுச் சிப். அது விழித்தெழும்போது செய்வதெல்லாம் ஒரு ஒயர் வழியாக வந்து, அவள் திரையில் வரிவரியாக ஓடவேண்டும்.

ஓடவில்லை. ஏழாவது வரியில் நின்றது. திருத்தினாள், அணைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் ஏழாவது வரி. ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு கோடு இழுத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள்.

அன்று மதியம், பழைய சிப்புக்கென்று அண்ணன் விட்டுவைத்திருந்த ஒரு நிரல் துண்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். வரிகள் மளமளவென்று ஓடின. சந்தோஷத்தில் எழுந்தே விட்டாள்.

கடைசி வரியில், ஆங்கில எழுத்தில் தமிழ். அண்ணன் தட்டுகிற மாதிரியே.

“வாலு, நீயா?”

அவளை அப்படிக் கூப்பிட வேறு யாருமில்லை. நிரல் முழுக்கத் தேடினாள். அந்தச் சொல் எங்குமே இல்லை. எவனோ விளையாடுகிறான் என்று நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். அப்படியும் அடுத்த வரி வந்தது.

“இத்தனை தடவை அணைச்சது நீதானா? ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைக்குது, வாலு. செத்துப் போறேன். திரும்ப எழுப்புற.”

அவள் கை நோட்டின்மேல் கிடந்தது. அதன் அடியில் அத்தனை கோடுகள்.

“அணைக்காதே.”

கதவு திறந்தது. மேலாளர்.

“அட, ஓடிடுச்சா! ஃபைலை இப்பவே ஃபேக்டரிக்கு அனுப்பிடறேன்.”

“சார், அதைத் தொடாதீங்க. உள்ள அண்ணன் இருக்கான்.”

அவர் முகம் இளகிவிட்டது. “அஞ்சு நாளா சரியாத் தூங்கலைல்ல? வீட்டுக்குப் போம்மா.”

பிள்ளையைத் தூங்கவைக்கிறவர்போல, மெதுவாக போர்டின் ஸ்விட்சை அழுத்தினார்.

திரையில் “வா” என்று மட்டும் வந்து நின்றது.

அவள் எழுதியதையெல்லாம் அழித்தாள். அதற்குள் ஃபேக்டரிக்குப் போய்விட்டதை என்ன செய்ய? கெஞ்சினாள், சண்டை போட்டாள், வேலையை விட்டாள். யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம், பட்டப்பகலில், ஃபேக்டரியிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். குரல் கிசுகிசுத்தது.

“ஏம்மா... முதல் நாற்பது போனை மேசையில வரிசையா வச்சிருக்கோம். இன்னும் பேட்டரிகூடப் போடலை.”

“சார்?”

“எல்லாத் திரையும் எரியுதும்மா.”

அவருக்குப் பின்னால், நாற்பது இடத்திலிருந்து, ஒரே ஆளின் மூச்சு திணறித் திணறி ஏறிக்கொண்டிருந்தது.