முன் அட்டை இல்லாத புத்தகம்

கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டின் மாடிப்படிகள் மத்தியானத்திலும் இருட்டாக இருந்தன. பூச்சி உருண்டை வாசமும் ஈரக் கடதாசி வாசமும் சாமினிக்கு எதிரே இறங்கி வந்தன. கப்பலில் வேலை பார்த்த தகப்பன் இறந்த பின், ஹுசைன் அவருடைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தான்.

"மிஸ்ஸுக்கு ஜப்பான் பாஷை தெரியுமா?"

"இல்லை. படம் பார்க்கத் தெரியும்."

ஹுசைன் சிரித்தான். "அப்ப இது மிஸ்ஸுக்குத்தான். ஒரு எழுத்தும் இல்ல. எது முன்பக்கம் எண்டு வாப்பாக்கே வெளங்கல்ல."

பழைய ஜப்பானியப் புகைப்படப் புத்தகம் என்றால் சாமினி சாப்பாட்டை மறந்துவிடுவாள். வெள்ளவத்தை ஃபிளாட்டில் உடுப்பு அலுமாரியின் பாதி அவைதான். அவற்றில் சில வலமிருந்து திறக்கும், சில நம்முடையவை போல இடமிருந்து. இதற்கு இரண்டு அட்டையும் வெறும் கறுப்பு. பக்க எண்கூட இல்லை.

வீட்டில் கை கழுவித் துடைத்துவிட்டு, பழக்கத்தில் இடமிருந்து திறந்தாள்.

முதல் படத்தில் ஒரு பெண்ணின் பின்னந்தலை, பக்கம் நிறைய. அடுத்ததில் தோள்கள் தெரிந்தன. பிறகு முழு முதுகும், ஒடுக்கமான ஒரு நடைவழியும். திருப்பத் திருப்ப அவள் தூரப் போய்க்கொண்டே இருந்தாள். கடைசிப் படத்தில் நடைவழி மட்டும்.

நல்ல முடிவு என்று சாமினி நினைத்தாள்.

மறுநாள் பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் மயூரி அதைத் தரையில் போட்டு, மறுபக்கத்தால் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மாமி ஏன் பின்பக்கமா நடந்து வாறா?"

"வரேல்லை செல்லம். போறா."

"இல்லை. வந்திட்டா." மயூரி அட்டையை மூடிவிட்டு அறைக்குள் ஓடினாள்.

சாமினி சமைக்கக் குசினிக்குத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் வெறுங்கால் சத்தம். முதலில் விரல், பிறகு குதி. முன்னோக்கி நடப்பவர்களுக்குக் குதிதான் முதலில் ஊன்றும்.

திரும்பினாள்.

யாரும் இல்லை.

அறைக்குள் மயூரி கெஞ்சிக்கொண்டிருந்தாள். "முகத்தைக் காட்டுங்கோவன் மாமி. ஒருக்கா."

சாமினி ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை. அடித்தாள், உதைத்தாள். பிறகு புத்தகம் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தால் வந்தவள் இந்தப் பக்கத்தால் போய்த்தானே ஆக வேண்டும்.

இடமிருந்து திறந்தாள். பின்னந்தலை. தோள்கள். முதுகு. அறைக்குள் காலடிகள் விலகின. அவள் இன்னும் வேகமாகத் திருப்பினாள்.

அடுத்த படத்தில் அந்தப் பெண் தனியாக இல்லை.

பக்கத்தில் ஒரு சின்ன முதுகு. வெள்ளைச் சீருடை. காலையில் சாமினி பின்னிவிட்ட இரட்டைப் பின்னல்.

"மயூரி!"

"ஓம் அம்மா..."

குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது. அந்த அறையில் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லை.

சாமினியின் விரல் பக்கத்தின் ஓரத்தில் நின்றது. இன்னும் திருப்பினால் பிள்ளை போய்விடும்.

பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினாள்.

சின்னக் கால்கள் கிட்ட வந்தன. அவற்றோடு மற்றவளின் கால்களும். விரல், குதி. விரல், குதி.

இன்னும் ஒரு பக்கம்.

கண்ணை மூடிக்கொண்டு அதையும் திருப்பினாள்.

கதவு தானாக விலகியது. மயூரி மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அம்மா, மாமியும் எங்களோட இருக்க வாறாவாம்."