உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

ஒதுங்க வேறு இடம் கிடைக்காமல்தான் அவள் அங்கே நுழைந்தாள். வெளியே பேய் மழை. உள்ளே... சிலைகள்.

ஒரு காலத்தில் சிறையாக இருந்த கட்டடம் அது. இப்போது சிற்பக் காட்சிக்கூடம். அறைக்கொரு கைதி இருந்த இடத்தில் அறைக்கொரு சிலை. எந்த வாசலில் நின்றாலும் கல் கண்கள் அவளையே பார்ப்பது போல இருந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் அவள். சின்ன வயதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டதிலிருந்து மூடிய அறை என்றாலே உயிர் போய் உயிர் வரும். யாரிடமும் சொன்னதில்லை. வார்டுக்கு மாடிப்படி ஏறியே போவாள். கேட்டால் உடற்பயிற்சி என்பாள். அவ்வளவு வீம்பு. இங்கேயும் உள்ளே போகாமல் வாசலோடு எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடைசி அறைக் கதவடியில் ஒரு மரக்கட்டை கிடந்தது. நோயாளி தடுக்கி விழுவாரே என்று தரையில் கிடப்பதையெல்லாம் ஒதுக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? குனிந்து எடுத்தாள். உள்சுவர் ஓரமாக வைக்க ஓர் எட்டு எடுத்து வைத்தாள்.

"அதை எடுக்காதீங்க."

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அதற்குள் பின்னாலிருந்த இரும்புக் கதவு தானாக நகர்ந்து சாத்திக்கொண்டது.

சிலைக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். கையில் பிரஷ், தலையெல்லாம் கல்தூசி. உடைந்த சிலைகளைச் சரிசெய்பவன்.

"கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன், கண்ணு தெரியலையா?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ஒரு போர்டு வெச்சிருக்கலாம்ல?" என்றபடியே கதவைத் தடவினாள். பிடிக்க ஒன்றுமே இல்லை.

"ஜெயில் கதவுங்க. உள்ள கைப்பிடி வெச்சா எவன் இருப்பான்?"

"யாருக்காவது போன் பண்ணுங்க."

"மேல ஆபீஸ்ல சார்ஜ் போட்டிருக்கேன். உங்களுது?"

"பையோட கவுன்டர்ல வாங்கி வெச்சுட்டாங்க..."

"சரி விடுங்க. மூடுறதுக்கு முன்னாடி வாட்ச்மேன் ஒரு சுத்து வருவாரு. அதுவரைக்கும் நீங்க, நான், இந்தம்மா." மூக்குடைந்த கல் பெண்ணைக் காட்டினான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா கரண்ட் போக வேண்டும்? விளக்கு அணைந்தது. சுவர்கள் நெருங்கி வருவது போல... மூச்சு முட்டியது. வீம்பாவது ஒன்றாவது.

"பயமா இருக்கு," என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக.

அவன் குரல் உடனே தணிந்தது. "கையப் பிடிச்சுக்கங்க. மெதுவா மூச்சு விடுங்க... நான் இங்கதான் இருக்கேன்."

இருட்டில் அவன் மணிக்கட்டு அகப்பட்டது. பழக்கதோஷம், விரல்கள் தாமாகவே நாடியைத் தேடின. குரல் அத்தனை நிதானம். நாடியோ தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் பயமா?"

"சேச்சே."

"நர்ஸ்கிட்டயே பொய்யா? நாடி சொல்லுது."

"பயம்தாங்க... இதுக்குள்ள தனியா வேலை பார்க்கறப்பல்லாம் வேர்த்துக் கொட்டும். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. தன்னைப் போலவே ஒரு வீம்பன்... அந்த நினைப்பே இதமாக இருந்தது. லிஃப்ட் கதையைச் சொன்னாள். அவன் கேட்டான். பேசப் பேச அவன் நாடி அவள் விரலடியில் அடங்கி வந்தது. அவள் மூச்சும் சீரானது.

வெளியே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. இருவரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். காலடிகள் நெருங்கின. அப்பாடா என்று அவள் பெருமூச்சு விட்ட நொடியில், அடங்கியிருந்த அவன் நாடி மறுபடி பிய்த்துக்கொண்டு ஓடியது.

"இப்ப எதுக்குப் பயம்? அதான் திறக்கப் போறாங்களே."

"அதுக்குத்தான்..." தயங்கினான். "திறந்ததும் நீங்க போயிடுவீங்க."

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் அவன் கண்களை முதன்முதலாக நிதானமாகப் பார்த்தாள். அச்சமும் ஆசையும் கலந்த கண்கள்... வாட்ச்மேன் வாயைப் பிளந்து நின்றார். விழுந்தடித்து வெளியே ஓட வேண்டியவள் நகரவில்லை. அவன் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள்.

"என்னுதையும் பாருங்க. இது ரூமுக்காக ஓடல... உங்களுக்காக ஓடுது."